கட்டிலின் இடது பக்கம்

சத்தியமாகச் சொல்கிறேன், இது நடந்த விஷயம். அதுவும் ராத்திரியில் இல்லை. பேய் என்றால் இருட்டு வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். நடந்தது பட்டப்பகலில். டெக்சஸ் கடற்கரையில், ஆகஸ்ட் மாத வெயிலில், கடல்காகம்கூட கொட்டகை நிழலில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் நேரத்தில். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், எனக்கொன்றும் நஷ்டமில்லை. அந்த ரசமட்டத்தின் குமிழி நகர்ந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தவன்.

இது வெல்டாவுக்கு நடந்தது. வெல்டாவும் அவள் கணவன் ஹோய்ட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுவிட்டு, பிக்கப் வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கிற டிரெய்லர் வீடு ஒன்றை வாங்கிக்கொண்டு டிரெய்லர்களை வரிசையாக நிறுத்திக் குடியிருக்கிற எங்கள் டிரெய்லர் பூங்காவுக்கு வந்தவர்கள். வேறு யாரோ வைத்திருந்து விற்ற வண்டி. கதவில் யாரோ ஒரு பெலிகன் பறவையை வரைந்திருந்தார்கள். கழுத்து கோணலாக, அசட்டுப் பார்வையோடு இருக்கும். வெல்டாவுக்கு அது பிடித்துப்போய் அப்படியே விட்டுவிட்டாள்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் ஹோய்ட் செத்துப்போனான். ஈரலில் புற்றுநோய். ஆறடி ஆள், கடைசியில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு வெல்டாவே ஒரு குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி வைப்பாள். அப்படி வற்றிப்போயிருந்தான்.

குளிர்காலத்தில் எங்கள் பூங்கா பனிக்குத் தப்பி வரும் வடக்கு மாநிலத்துக்காரர்களால் நிரம்பி வழியும். கோடையில் போக்கிடம் இல்லாதவர்கள்தான் மிஞ்சுவோம். வெல்டா, நான், டெல்பர்ட், இன்னும் நாலைந்து பேர். அந்த ஆகஸ்டில் ஒரு மதியம் வெல்டா படுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தலையணையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

டொக்.

அது ஹோய்ட்டின் தலையணை. அவள் இன்னும் அதை எடுத்து வைத்திருக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். கட்டிலுக்கு நேர் மேலே கூரையில் ஏசி. அதன் இடது ஓரத்தில் அடுத்த சொட்டு திரண்டுகொண்டிருந்தது.

டிரெய்லர் வீட்டுக்குத் தண்ணீர்தான் எமன். ஒட்டுப்பலகைத் தரை ஊறிப்போனால் வண்டியைக் குப்பைக்குத்தான் இழுத்துப் போக வேண்டும். வண்டி போனால் வெல்டா லப்பக் நகரில் தங்கை வீட்டு மாடியறைக்குப் போக வேண்டும். தங்கையோடு ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது என்று அவளே சொல்வாள். ஆனால் உண்மையான பயம் அதுவல்ல. ஹோய்ட் ஆணியடித்த அலமாரி, அவன் தலை எண்ணெய்க் கறை படிந்த சுவர் என்று அவனில் மிச்சமிருந்ததெல்லாம் அந்த வண்டிக்குள்தான் இருந்தது. அதையும் விட்டுக்கொடுக்க அவளால் முடியவில்லை.

டெல்பர்டைக் கூப்பிட்டாள். டெல்பர்ட் எங்கள் பூங்காவின் வைத்தியர் மாதிரி, டிரெய்லர்களுக்கு மட்டும். தொந்தியும் கீல்வாதமுமாக ஏணியில் ஏறி எல்லோர் கூரையையும் பார்ப்பார். அவர் வண்டி அவ்வளவு மட்டமாக நிற்கும். வருகிறவர்கள் எல்லோருக்கும் முன்னால் தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்துக் காட்டுவார். உருளாது. அவர் மனைவி நெடா செத்துப்போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. அந்தப் பெயரை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

முதலில் ஏசியை நிறுத்திவிட்டு, கூரை மேல் ஹோஸ் குழாயால் நன்றாகத் தண்ணீர் அடித்தார். உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை. அப்படியென்றால் மழைத்தண்ணீர் இறங்கும் கூரை ஓட்டை கிடையாது. ஏசி தானாகக் கக்குகிற தண்ணீர்தான். எங்கள் ஊர்க் காற்றைப் பிழிந்தால் ஒரு வாளி தேறும். அந்த ஈரமெல்லாம் குளிர்ந்து ஏசிக்கு அடியில் உள்ள தட்டில் விழுந்து, ஓட்டை வழியாகக் கூரைக்கு வெளியே வடிய வேண்டும். வடியாவிட்டால் வீட்டுக்குள்தான் வரும்.

காற்று வடிகட்டியைக் கழுவினார். ஏசியைக் கூரையோடு இறுக்கிப் பிடிக்கிற போல்ட்டுகள் தளர்ந்திருந்தன, முடுக்கினார். பிறகு மேலே ஏறி மூடியைக் கழற்றியவர் அங்கிருந்தே கத்தினார்.

“ஏம்மா வெல்டா, எந்த அதிமேதாவி இதைப் பண்ணினான்?”

ஏசியின் அடிப்பக்கத்தைச் சுற்றி, கேக்குக்குக் கிரீம் வைத்த மாதிரி யாரோ வெள்ளைப் பசையை அப்பியிருந்தார்கள். காய்ந்து மஞ்சளாகிப் போன பழைய பசை.

“ஹோய்ட் இல்ல,” என்றாள் வெல்டா உடனே.

“ஹோய்ட் இதைப் பண்ணியிருந்தா நான் அவன் சவ அடக்கத்துக்கே வந்திருக்க மாட்டேன். முன்னாடி வெச்சிருந்தவன் வேலை. ஒழுகுதேன்னு அடைச்சிருக்கான். தண்ணி வெளிய போற வழியையில்ல அடைச்சு வெச்சிருக்கான்!”

புதிதாக டிரெய்லர் வாங்குகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு அது. டெல்பர்ட் வியர்த்து வழிய உட்கார்ந்து பசை முழுவதையும் சுரண்டி எடுத்தார். ஓட்டைகள் திறந்தன. தேங்கியிருந்த தண்ணீர் கூரை ஓரமாகப் புல்லில் கொட்டியது. வெல்டா ஐஸ் போட்ட தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாசலில் உட்கார்ந்து குடித்தோம். வேலை முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

அன்றைக்கு ஒழுகவில்லை. மறுநாள் மதியம் மறுபடியும்...

டொக்.

அதே இடம். அதே தலையணை.

டெல்பர்ட் தலையைச் சொறிந்தார். பிறகு வண்டியின் முன்பக்கம் போய், வண்டி மட்டமாக நிற்கிறதா என்று காட்ட அங்கே ஒட்டியிருந்த ரசமட்டத்தைப் பார்த்தார். குமிழி நடுவில் இல்லை. வண்டி இடது பக்கமாகச் சாய்ந்திருந்தது. சாய்ந்தால் தட்டுத் தண்ணீர் ஓட்டை இல்லாத மூலையில் சேர்ந்து, விளிம்பைத் தாண்டி உள்ளே விழும். இவ்வளவுதானா என்று சிரித்துவிட்டார்.

“ஹோய்ட் இருந்தா வண்டி இப்படி நின்னிருக்குமா?” என்றார். கேட்டபிறகுதான் வெல்டாவின் முகத்தைப் பார்த்தார். “சரி விடு, நான் ஒரு மடையன்” என்று முணுமுணுத்துக்கொண்டு, மறுநாள் காலையில் ஜாக்கியோடு வந்தார். அப்போது பார்த்தால் வண்டி பெரிதாகச் சாய்ந்திருக்கவில்லை. வெயிலில் நேற்றுத் தனக்குக் கண் கூசியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்துக் குமிழியைச் சரியாக நடுவில் நிறுத்திவிட்டுப் போனார்.

அன்று மதியம் ரெண்டே கால் இருக்கும். வெல்டா தன் பக்கத்தில், வலது பக்கம், கண்ணை மூடிப் படுத்திருந்தாள். வெளியே சில்வண்டுச் சத்தம். மேலே ஏசியின் உறுமல்.

வண்டி லேசாக அமிழ்ந்தது.

டிரெய்லரில் குடியிருந்தவர்களுக்கு இது தெரியும். யாராவது வாசற்படியில் கால் வைத்தாலே வீடு முழுக்க அசையும். கூட வாழ்ந்தவர் என்றால், கண்ணைத் திறக்காமலே வருவது யாரென்று சொல்லிவிடலாம்.

கதவு திறக்கவில்லை. தாழ்ப்பாள் அசையவில்லை.

ஆனால் தரை முனகியது. ஒரு அடி... இன்னொரு அடி... கட்டிலைச் சுற்றிக்கொண்டு... இடது பக்கம்...

மெத்தை மெதுவாக, மிக மெதுவாக, அமுங்கியது.

டொக்.

வெல்டா அலறவில்லை. நாமாக இருந்தால் ஜன்னல் வழியாகக் குதித்திருப்போம். அவள் கண்ணை மூடியபடியே கிடந்தாள். கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் இறங்கியது. அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

“வந்துட்டியா?” என்றாள்.

அதன்பிறகு மதியம்தோறும் வந்தது. இதையெல்லாம் வெல்டா பின்னால் என்னிடம் சொன்னாள். தலையணை மேல் ஒரு எவர்சில்வர் சட்டி வைத்தாளாம். சட்டியில் தண்ணீர் சேரும், இவள் பேசிக்கொண்டிருப்பாள். எறா விலையிலிருந்து தங்கை போனில் சொன்ன புகார் வரைக்கும் ஒன்று விடாமல் பேசுவாள். ஒருநாள் துணிந்து, தொண்டையில் முள்ளாய்க் கிடந்ததையும் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாள், நர்ஸ் அவளைத் தனியாக அழைத்து, சாகக் கிடக்கிற சிலர், நீ போகலாம் என்று தங்கள் ஆட்கள் சொல்வதற்காகத்தான் காத்திருப்பார்கள் என்றாளாம். வெல்டா ஹோய்ட்டின் காதில், போ ஹோய்ட், நான் சமாளிச்சுக்கறேன் என்று சொன்னாள். அவனும் போய்விட்டான். சொல்பேச்சுக் கேட்கிற மாதிரி, அப்படியே போய்விட்டான்.

“அது பொய். என்னால சமாளிக்க முடியல. நான் அப்படிச் சொல்லியிருக்கவே கூடாது.”

மெத்தை இன்னும் கொஞ்சம் அமுங்கி, அவள் உடம்பே அந்தப் பக்கமாகச் சரிந்ததாம்.

அவ்வளவு கனம். அது அவளுக்கும் தோன்றாமல் இல்லை. சாகும்போது எலும்பும் தோலுமாக இருந்தவன் இவ்வளவு கனப்பானா? போன இடத்தில் உடம்பு தேறிவிட்டது போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டாள். அதை என்னிடம் சொன்னபோது அவள் முகத்தில் அப்படியொரு பெருமை.

டெல்பர்ட் விடுவாரா? தான் மட்டம் பார்த்த வண்டி மறுபடி சாய்கிறதென்றால் அது அவருக்கு மானப் பிரச்சினை. சக்கரத்துக்கு அடியில் கிளிஞ்சல் மண் இறங்குகிறது என்று முடிவு கட்டி, அகலப் பலகைகளோடு வந்தார். அவற்றைப் பிடிக்க நானும் போனேன். வெல்டா வேண்டாம், ஒழுகினால் ஒழுகட்டும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். தரை இதற்குள்ளேயே பஞ்சு மாதிரி ஆகிவிட்டது, கிறுக்குத்தனம் பண்ணாதே என்று டெல்பர்ட் அதட்டினார்.

பலகைகளை மாற்றினோம். குமிழி கச்சிதமாக நடுவில் நின்றது. சோதித்துப் பார்க்க டெல்பர்ட் உள்ளே போய்த் தன் முழு எடையோடும் கட்டிலின் இடது பக்கம் உட்கார்ந்தார். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். குமிழி ஒரு மயிரிழை நகர்ந்தது, அவ்வளவுதான். அவர் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றார். வெல்டாவும் எங்களோடுதான் நின்றாள்.

வண்டிக்குள் யாரும் இல்லை.

மணி ரெண்டைத் தாண்டியிருந்தது.

படிக்கட்டு கிறீச்சிட்டது. நாங்கள் மூன்று பேரும் படியைப் பார்த்தோம். காலி.

குமிழி நகர்ந்தது.

நின்றது. மறுபடி நகர்ந்தது. உள்ளே யாரோ நடக்க நடக்க... பாதி தூரம் போயிற்று. கோட்டைத் தாண்டிப் போயிற்று.

உள்ளே கட்டில் முனகியது.

டெல்பர்ட் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

“உள்ள யாரும்மா?”

“ஹோய்ட்,” என்றாள் வெல்டா.

அவர் குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் உக்காந்தப்பவே இவ்வளவு நகரல. கடைசில ஹோய்ட் என்ன எடை இருந்தான்?”

வெல்டா கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். டெல்பர்ட் ஜாக்கியைக்கூட எடுக்காமல் தன் வண்டிக்கு நடந்தார். நான் நடக்கவில்லை, ஓடினேன். சொல்வதற்கு வெட்கமில்லை.

அந்த மாதக் கடைசியில் ஒரு பெண் வந்தாள். பெயர் ட்ரூடி. மீன் பிடிக்கிற சிநேகிதிகளோடு வார இறுதிக்கு வந்தவள். ஒரு காலை நேரத்தில் வெல்டாவின் வாசலில் நின்று அந்தக் கோணல் கழுத்துப் பெலிகனைத் தடவிக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா வரைந்ததாம். வெல்டா சந்தோஷப்பட்டு அவளை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாள். நானும் இருந்தேன். கொஞ்ச நேரம் பழைய கதை பேசிவிட்டு ட்ரூடி சாதாரணமாகக் கேட்டாள்.

“கட்டிலுக்கு இடது பக்கம் இன்னும் ஒழுகுதா?”

வெல்டாவின் கையிலிருந்த கிளாஸ் அப்படியே நின்றது.

ட்ரூடியின் அம்மா இறந்தபிறகு அப்பா தனியாக அந்த வண்டியில்தான் இருந்தாராம். ஒழுகுகிறதே என்று அவள் தம்பி கூரையேறிப் பசை அப்பினானாம். அப்பாவோ வண்டியை நிமிர்த்தவே விடமாட்டாராம். அம்மா மதியத்தில் வந்து படுக்கிறாள், தொந்தரவு பண்ணாதீர்கள் என்பாராம். சாகும்வரை இடது பக்கத்தைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தாராம்.

“பாவம்,” என்றேன் நான், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

“பாவம்தான். அம்மாதான்னு அவர் கடைசி வரைக்கும் நம்பினார். நாங்களும் மறுத்துப் பேசல.” ட்ரூடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “ஆனா அம்மா உயிரோட இருந்தப்பவே அது ஒழுகிச்சு. வண்டி வாங்கின முதல் கோடையிலேர்ந்தே. அம்மா பயந்துபோய் அந்தப் பக்கம் படுக்கவே மாட்டாங்க.”

வெல்டா கிளாஸைக் கீழே வைத்தாள்.

அன்று மதியம் வெல்டா படுக்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். இத்தனை நாளும் அங்கே படுத்து அத்தனையையும் சொல்லியிருக்கிறாள். அழுதிருக்கிறாள். அந்தப் பக்கமாகச் சரிந்து தூங்கியிருக்கிறாள்.

யாரோடு?

வண்டி அமிழ்ந்தது.

ஒரு அடி... இன்னொரு அடி...

அவளை உரசிக்கொண்டு போயிற்று. காற்றுக்கூட அசையவில்லை. தரை மட்டும் அவள் பாதத்துக்கு அடியில் வளைந்து கொடுத்தது.

மெத்தை அமுங்கியது.

டொக்.

“நீ ஹோய்ட் இல்ல.”

டொக்.

“யாரு நீ?”

ஏசி ஓடிக்கொண்டே இருந்தது. சொட்டு நின்றுவிட்டது.

பிறகு மெத்தை எழும்பியது. அமுங்கினதைப் போலவே மெதுவாக. தரை முனகிற்று, ஒரு அடி, இன்னொரு அடி. கதவருகே கொஞ்ச நேரம் தயங்கினது போலிருந்ததாம். அப்புறம் படிக்கட்டு ஒருமுறை கிறீச்சிட்டு, வண்டி லேசாகிப் போனது. வெல்டா ஓடிப்போய் ரசமட்டத்தைப் பார்த்தாள். குமிழி நடுவில் நின்றது.

அதற்குப் பிறகு அது வரவே இல்லை.

நிம்மதி என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் பார்த்தால், வெல்டா முழங்காலிட்டு உட்கார்ந்து இடது பக்கச் சக்கரத்துக்கு அடியிலிருந்து பலகைகளை உருவிக்கொண்டிருந்தாள். ஜாக்கியைத் தானே இறக்கினாள். வண்டி சாய்ந்தது. உள்ளே போய்ப் படுத்தாள். சட்டியில் சொட்டு விழுந்தது. ஆனால் அது வெறும் தண்ணீர். மெத்தை அமுங்கவில்லை. மறுநாளும் படுத்துப் பார்த்தாள், அதற்கு மறுநாளும்.

“யாரா இருந்தா எனக்கென்ன,” என்றாள் என்னிடம். “பக்கத்துல ஒருத்தர் வந்து படுத்தாங்க. நான்தான் போகவெச்சேன். ரெண்டாவது தடவை.” சொல்லிவிட்டு வீங்கிய கண்களைத் துடைக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் பிறந்த பிறகுதான் டெல்பர்டைப் பல நாட்களாகக் காணவில்லை என்பது உறைத்தது. காலையில் நடமாட்டம் உண்டு, மதியம் கதவு சாத்தியே இருக்கும். உடம்பு சரியில்லையோ என்று வெல்டா சோள ரொட்டி சுட்டுக்கொண்டு மதியச் சாப்பாட்டு நேரம் கழித்துப் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ஏசி உறுமிக்கொண்டிருந்தது.

கோலிக்குண்டைத்தான் முதலில் பார்த்தோம். எங்கே வைத்தாலும் உருளாத அந்தக் கோலிக்குண்டு, தரையின் இடது ஓரத்தில் சுவரோடு ஒட்டிக் கிடந்தது.

கட்டிலின் வலது பக்கத்தில் டெல்பர்ட் ஒருக்களித்துப் படுத்திருந்தார். இடது பக்கத் தலையணை மேல் ஒரு சட்டி.

டொக்.

வெல்டா வாயைத் திறந்தாள். அவர் அவசரமாக எழுந்து வந்து, கதவை இன்னும் கொஞ்சம் சாத்திக்கொண்டு, இடுக்கு வழியாகக் கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வெல்டாவிடம் வந்துபோனது ஹோய்ட் இல்லை என்பது அவருக்கும் தெரியும். ட்ரூடி சொன்ன கதையையும், யாரென்று வெல்டா கேட்டதும் அது போய்விட்டதையும் நான்தான் அவரிடம் போய்ச் சொல்லியிருந்தேன்.

“நெடா இல்லன்னு எனக்குத் தெரியும்,” என்றார் ரகசியக் குரலில். “தெரியும்மா. ஆனா நீ கேட்டுடாத. யாருன்னு மட்டும் கேட்டுடாத.”

வெல்டா சோள ரொட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு, வாசற்படியில் கால் படாமல், வண்டி அசையாமல், மெதுவாகத் திரும்பி நடந்தாள்.